அசனத்துக்கு ஒரு சர்வர்

இணையத்தில் இருக்கிற எதற்கும் குடியிருக்க ஒரு வீடு வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் என் மகள் எப்சிபாதான், தம்பி. போன வருஷம் குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள், நானும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அதுவரைக்கும் அதெல்லாம் காற்றில் மிதந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

உட்காருங்கள், நின்றுகொண்டே இருக்கிறீர்களே. ஃபேனைப் போடுகிறேன். நீங்கள் எப்சிக்குப் போன் பண்ணினீர்கள் அல்லவா, அது எங்கள் அடுப்படியில்தான் அடித்தது. இன்றைக்கு அவள் சிநேகிதியோடு மணப்பாடு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். ஒருநாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று, போகிறபோது போனை வாங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம்தான் வருவாள். நீங்கள் மெஷினைப் பார்க்கவேண்டும் என்கிறீர்கள். பார்க்கலாம், தம்பி. அது அந்த அறையில்தான் இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. அதற்கு முன்னால் அது இந்த வீட்டுக்கு வந்த கதையைக் கேளுங்கள். கேட்டால்தான் உங்களுக்கு விளங்கும். நீங்களும் ஒரு சேகரத்துக்குச் செக்ரட்டரி. உங்களுக்கு விளங்காமல் யாருக்கு விளங்கப்போகிறது?

எப்சி பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவள். தூக்கமில்லாமல், தலைமுடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். "அம்மா, இனிமே அங்க போகமாட்டேன், இங்க இருந்தே ஏதாவது செய்யுதேன்" என்றாள். எனக்கு சந்தோஷம். அவள் அப்பா இறந்தபிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆனால் என் மகன் ரூபன் தோஹாவில் இருக்கிறான், அவன் விடுவானா? "இங்க வேல தயாரா இருக்கு, பாஸ்போர்ட்டக் காப்பி எடுத்து அனுப்பு" என்று தினமும் போன். கடைசியில் எப்சி ஒரு வாக்குக் கொடுத்தாள். "நம்ம சேகரத்து அசனத்துக்கு ஒரு ஆப் செய்யுதேன். அது நல்லா நடந்து, அதப் பாத்து இன்னொரு சேகரமும் கேட்டு வாங்கிச்சுன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா தோஹா வாரேன்." ரூபனும் சரி என்றுவிட்டான். பாருங்கள், என் பிள்ளை என் வீட்டில் இருப்பதும் போவதும் ஒரு மெஷின் கையில்.

அசனத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உங்கள் பக்கம் எப்படியோ, எங்களுக்குப் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் என்றால் எங்கள் சேகரத்தைச் சேர்ந்த எட்டு ஊர்க் கோயில் ஜனமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிடவேண்டும். சென்னை, மும்பை என்று போனவர்களும் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும். முந்தின வருஷம் கறி தீர்ந்துபோய், அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு ரசஞ்சோறு போட்டு அனுப்பினார்கள். அதில் ஒருத்தர் அருமைநாயகம் அண்ணாச்சியின் சொந்தச் சம்பந்தி. அருமைநாயகம் அண்ணாச்சிதான் எங்கள் செக்ரட்டரி. பாவம், ஒரு வருஷம் முழுக்கச் சம்பந்தி வீட்டுப் பக்கமே போகவில்லை. அதனால்தான் எப்சி, "போன்லயே எல்லாரும் பேர் கொடுக்கலாம், எந்த ஊர்ல இருந்தாலும் கொடுக்கலாம், கறி எவ்வளவு எடுக்கன்னு கணக்கு தானா வரும்" என்று சொன்னவுடன் அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கும்பிட்டார், காசு கொடுக்கவில்லை. சபை மன்றத்தில் அவர்கள் ஒதுக்கின பணம், பந்தல்காரனுக்குக் கொடுக்கிற முன்பணத்துக்குக்கூடக் காணாது.

அப்போதுதான், நான் சொன்னேனே, கீரை உருவின அன்றைக்கு, எப்சி சொன்னாள்: "அம்மா, ஆப்ப எழுதி முடிச்சாச்சு. அது குடியிருக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும். எந்நேரமும் முழிச்சிருக்கற கம்ப்யூட்டர். அதுக்குப் பேருதான் சர்வர். வெளிநாட்டுல வாடகைக்குக் கிடைக்கும், மாசாமாசம் வாடகை கொடுக்கணும்."

"சொந்த வீடு இருக்கும்போது வாடகை எதுக்குட்டி?" என்றேன் நான்.

எட்டாம் வகுப்புப் படித்தவள் ஏதோ உளறுகிறேன் என்று நினைப்பாள் என்று பார்த்தால், கீரையைக் கீழே போட்டுவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். "அதத்தாம்மா நானும் யோசிச்சேன்!"

ரூபன் காலேஜில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. இறக்கித் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று. எல்லாவற்றையும் பெயிண்ட் பிரஷ் வைத்துத் துடைத்து, ஒரு பாகத்தை மட்டும் புதிதாக மாற்றி, காசில்லாமல் கிடைக்கிற ஏதோ ஒன்றை உள்ளே ஏற்றினாள். நெட்டுக்கு வயர் இழுத்தாள். கதவிலக்கம் மாதிரி மாறாத ஒரு முகவரி வேண்டுமாம், அதற்கு மட்டும்தான் கொஞ்சம் செலவு. வெளியாள் உள்ளே வராதபடி மதில் மாதிரி ஒன்று கட்டினாள். அதற்குப் பூட்டும் போட்டாள், பூட்டுக்கும் காசில்லையாம்! இப்படிச் செட்டாகக் குடித்தனம் பண்ணுகிற பிள்ளையை எந்த மாமியார் கொண்டுபோகப் போகிறாளோ. உங்களுக்குத் தெரிந்து நல்ல பையன் யாராவது... சரி, அதைப் பிறகு பேசலாம். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க எங்கள் இன்வெர்ட்டரிலேயே இணைத்தாள். முதல்தரம் அது ஓடினபோது, நான் அதன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். எப்சி கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, சூடா இருக்கும், கைய எடுங்க" என்றாள்.

நன்றாகத்தான் ஓடியது, தம்பி. திங்கள், செவ்வாய், புதன், ஒரு குறையும் இல்லை. மும்பையிலிருந்து ஒரு குடும்பம் பேர் கொடுத்துவிட்டது. துபாயிலிருந்து ஒருத்தர், "எனக்கு லீவு இல்லை, என் பங்கு கறியை என் அம்மாவுக்குப் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். எப்சி வாசித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது அருமைநாயகம் அண்ணாச்சி எழுந்து, "எல்லாரும் போனை எடுங்க, இப்பவே பேர் கொடுங்க, எப்சிபா செஞ்ச ஆப்பு" என்றார். சபை முழுக்கப் போனை எடுத்தது. ஒன்றும் வரவில்லை. சுற்றிக்கொண்டே இருந்ததாம், வளையம் மாதிரி ஏதோ. பாடகர் குழுவில் நின்ற என் பிள்ளையின் முகம் செத்துப்போயிற்று. வெளியே வந்ததும் அண்ணாச்சி, "என்னட்டி, ஒன் சர்வரு பந்திக்கு முந்தியே தூங்கிட்டாரா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாட்டுக் குழுவோடு நின்றுவிட்டு எப்சி பிந்தி வீட்டுக்கு வந்து பார்த்தால் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"அம்மா, காலையில கரண்டு போச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் கோயில்லதான இருந்தேன்."

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும். எப்சி இன்வெர்ட்டருக்குப் புதுப் பேட்டரி வாங்கினாள். நெட் வயர்க்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். அவன், "அக்கா, ஞாயித்துக்கெழமை மட்டும் படுக்கற வயர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றான். வார நாளில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஞாயிறு காலை மட்டும் செத்து, மத்தியானம் உயிர்த்தெழுந்துவிடும். எனக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. இது பேட்டரி சமாசாரம் இல்லை. பிசாசு கோயில் வேலையைக் கோயில் நேரத்தில்தான் தடுப்பான். நான் வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிறு எப்சி தலைவலி என்றாள். கோயிலுக்கு வரவில்லை. மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசே இல்லை. தனியாகப் போனேன். அன்றைக்குப் பாருங்கள், ஆராதனை முடிந்து எல்லாரும் போனை எடுத்தால், பளிச்சென்று ஓடுகிறது! அருமைநாயகம் அண்ணாச்சி என்னிடமே வந்து, "ஞானம்மா, இன்னைக்கு ஓடுதே!" என்றார். கோயிலுக்குப் போகாமல் இருந்தால் வேலை நடக்கும் என்று பிசாசு பிள்ளைக்குக் காட்டுகிறானே, எவ்வளவு தந்திரம்! வீட்டுக்கு வந்து, "இனிமே ஒரு ஞாயிறு நீ கோயிலுக்கு வரலன்னா நான் பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தாள். மெஷின் படுத்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ரூபன் போன் பண்ணினான். "எப்சி, போதும். பாஸ்போர்ட்ட அனுப்பு" என்றான். அவள் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் அதன்மேல் வேதப்புத்தகத்தை வைத்தேன். நாள் கணக்காக அப்படியே இருந்தது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எப்சி எப்போதும் என்னைவிட முந்தியே கோயிலுக்குப் போய்விடுவாள், பாட்டுப் பழக. நான் அடுப்பை அணைத்து, கதவு சன்னலெல்லாம் சாத்தி, மெஷினை நிறுத்தி, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிட்டுப் பிறகுதான் கிளம்புவேன். திரும்பிவந்து மத்தியான ஜெபம் முடிந்ததும் போட்டுவிடுவேன். அடுத்த ஞாயிறு அவள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். "ஆண்டவரே, என் பிள்ளையோட வேலைய நிலைநிறுத்தும். இந்த ஞாயிறாவது அது நிக்காம ஓடட்டும். சத்துருவோட கைய விலக்கும்."

"அம்மா, என்ன செய்யுதீங்க?"

"ஜெபம் பண்ணுதேன்."

"ஒரு கை மெஷின்மேல இருக்கு. இன்னொரு கை எங்க இருக்கு?"

"சுவிட்சுல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், தம்பி. சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் சிரிப்பு மாதிரி இருந்தது. "எல்லா ஞாயிறும் நீங்களாம்மா? எல்லா ஞாயிறுமா?"

"பிறகு? நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழமை ஊசி எடுத்திருக்கோமா? உலக்கை பிடிச்சிருக்கோமா? சனிக்கிழமையே அரைச்சு வச்சிடுதோம். ஒரு வாயில்லா ஜீவன மட்டும் எப்படிட்டி வேல வாங்க?"

"எந்நேரமும் முழிச்சிருக்கணும்னு சொன்னேன்லாம்மா!"

சொன்னாள்தான். நான் இல்லை என்கிறேனா? ஆனால் எங்கள் வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருந்தபோது வாசலில், 'எந்நேரமும் திறந்திருக்கும்' என்று போர்டு எழுதி மாட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தித்தான் இருக்கும். ஒரு ஆள் வந்து கேட்டதில்லை. எந்நேரமும் என்றால் ஞாயிறு நீங்கலாகத்தானே? பெங்களூர் போய்வந்த பிள்ளைக்கு இது மறந்துவிட்டது. மேலும், நான் மெஷினைத்தானே நிறுத்தினேன், ஆப்பை ஒன்றும் செய்யவில்லையே. வீட்டில் ஆள் கண்ணயர்ந்தால் வீடு காணாமல் போய்விடுமா என்ன? அண்ணாச்சி சனிக்கிழமை பார்க்கச் சொல்லியிருந்தால் இத்தனை கேவலம் வந்திருக்காது. அவர் அவசரக்காரர், அவ்வளவுதான்.

எப்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சுவிட்சைப் போடப் போனாள். நான் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "பிள்ள, உன் வேலைக்காக நான் உபவாசம் இருக்கேன். அந்த வேலையே பாவமாப் போச்சுன்னா என் உபவாசம் என்னத்துக்கு ஆகும்? ஐயர்கிட்ட கேப்போம். அவர் சரின்னா சரி."

அவளுக்குத் தெரியும், இதில் நான் நகரமாட்டேன். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் ஐயர் குடியிருக்கிற குருமனைக்குப் போனோம். எங்கள் ஐயர், அதுதான் சேகரத்துக் குருவானவர், சின்ன வயது, ரூபனுக்குச் சோட்டு வயதுதான். காலையிலிருந்து மூன்று ஊர்க் கோயிலில் ஆராதனை நடத்தி, ஒரு ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டு, அப்போதுதான் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுச் சோற்றில் கை வைக்கப் போகிறார். அருமைநாயகம் அண்ணாச்சியும் காணிக்கைப் பையோடு அங்கேயே நிற்கிறார். எப்சி நடந்ததைச் சொன்னாள். ஐயர் சிரிக்கவில்லை. ஐயரம்மாதான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிப்போய்விட்டார்கள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஞானம்மா," என்றார் ஐயர், "ஞாயித்துக்கிழமை நான் என்ன செய்யுதேன்?"

"ஆராதனை நடத்துதீங்க ஐயா."

"அது வேலையா, ஓய்வா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குளித்தமாதிரி வேர்த்திருந்தது. "வேலைதான் ஐயா."

"அப்போ நான் பாவியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லுவேனா!"

"எனக்கு என்னைக்கு ஓய்வு?"

"திங்கக்கிழமை. ஊருக்கே தெரியுமே."

"உங்க வீட்டு மெஷின் யாருக்கு வேல பாக்குது? கோயிலுக்கு. கோயிலுக்கு வேல பாக்கறவங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் அதிக வேல. அதுக்கும் என்னமாதிரியே திங்கக்கிழமை ஓய்வு கொடுத்திருங்க. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும், முழு ஓய்வு. சரியா?"

எனக்கு அப்படியே மனசு லேசாகிவிட்டது, தம்பி. அதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது பாருங்கள். அருமைநாயகம் அண்ணாச்சியால் சும்மா இருக்க முடியுமா? "அப்போ ஐயா, அதுக்கும் ஒரு குருமனை கட்டணுமோ?" என்றார்.

எப்சி ஐயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "திங்கக்கிழமை யாரும் அசனத்துக்குப் பேர் கொடுக்கப்போறதில்ல. சரிம்மா, திங்கக்கிழமை உங்களுக்கு" என்றாள். "எனக்கு இல்லட்டி, அதுக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அது நிற்கவில்லை. உரிய ஓய்வைக் கொடுத்தவுடன் எப்படி ஓடியது என்கிறீர்கள்! அசனத்தன்றைக்கு எட்டு ஊரும் வந்தது. மும்பை வேன் வந்தது. கடைசிப் பந்திக்கும் கறி இருந்தது, அதற்கு மேலும் ஒரு வாளி மிச்சம் இருந்தது. அண்ணாச்சி அதைத் தன் கையாலேயே சம்பந்தி இலையில் ஊற்றிவிட்டு, நேரே எப்சியிடம் வந்தார். "ஏட்டி, எல்லாரும் சாப்பிட்டாச்சு. ஒங்க சர்வர் சாப்பிட்டாரா?" என்றார். அவர் சிரித்தார், எப்சியும் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி பாஸ்போர்ட் பீரோவுக்குள் போனது. ஆனால் மேல்தட்டில், கை எட்டுகிற மாதிரிதான் வைத்திருக்கிறாள். இன்னொரு சேகரம் கேட்டு வாங்கவேண்டும் என்பது பாக்கி இருக்கிறதே.

நீங்கள்தான் தம்பி அந்த இன்னொரு சேகரம்.

யார் வந்தாலும் இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று எப்சி சொல்லியிருக்கிறாள். நான் ஏன் மறைக்கவேண்டும்? நீங்கள் வாங்கினால் அவள் இருப்பாள், வாங்காவிட்டால் போவாள். மதுரையில் ஒரு கம்பெனியும் உங்களுக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள் என்றீர்கள். நாளைக்கு அவர்களைப் பார்க்கப் போகிறீர்கள். அவர்களிடம் பெரிய ஆபீஸ் இருக்கும், ஏசி இருக்கும். அவர்கள் மெஷினுக்கு என்றைக்கு ஓய்வு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இன்னொரு சேகரம் சேர்ந்துவிட்டால் நாங்களும் வாடகைக்கே எடுத்துவிடலாம் என்கிறாள் எப்சி. "அப்போ உங்க கை எட்டாதும்மா" என்று கேலி வேறு. எனக்கு அதுதான் கவலை. அவ்வளவு தூரத்தில் இருக்கிற மெஷினைத் திங்கட்கிழமை யார் நிறுத்துவார்கள்?

இதோ, வாருங்கள். இதுதான். அந்த வெள்ளைத் துணிக்குள்ளே இருக்கிறது. துணியைத் தூக்கிப் பார்க்கலாம், அதனால் ஒன்றும் இல்லை. நீங்கள் உங்கள் போனை எடுத்து எடுத்துப் பார்த்ததை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு அதில் ஒன்றும் வராது, தம்பி. இன்றைக்குத் திங்கட்கிழமை.

தெரியும், ஒரு நிமிஷம் போட்டுக் காட்டினால் போதும் என்பீர்கள். சுவிட்ச் இதோ, உங்கள் கைக்கும் எட்டும், என் கைக்கும் எட்டும். நீங்கள் வாசலில் வந்து நின்றதிலிருந்து என் மனசு அந்தச் சுவிட்சைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் பிள்ளை எனக்கு வேண்டாமா? ஆனால் ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமையைக் கொடுத்தோம். இப்போது திங்கட்கிழமையையும் பிடுங்கிக்கொண்டால் அதற்கு என்னதான் மிச்சம்? எப்சியும் சரி என்று சொன்ன வாக்கு. அவள் இல்லாத நேரத்தில் நான் அதை மீறினேன் என்றால், பிறகு அவள் கொடுக்கிற வாக்கை நான் எப்படிக் கேட்டு வாங்குவேன்?

நாளைக் காலையில் அது ஓடும். எப்சியும் இருப்பாள், இடியாப்பமும் இருக்கும். மதுரை பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு எட்டு இங்கே வந்துவிட்டுப் போங்கள், தம்பி.